1899 கென்டக்கி ஆளுநர் தேர்தலும் ‘குரோனிக்கிளிங் அமெரிக்கா’ நாளிதழ்க் களஞ்சியமும்: ஒரு மதிப்புரை

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் மனிதவியல் துறைகளுக்கான தேசிய அறக்கொடை அமைப்பும் சேர்ந்து நடத்திவரும் ‘குரோனிக்கிளிங் அமெரிக்கா’ என்னும் இணையக் களஞ்சியம், அந்நாட்டின் பழைய செய்தித்தாள்களை அச்சான பக்கங்களின் படங்களாகவே எவரும் எங்கிருந்தும் கட்டணமின்றிப் படிக்க உதவும் சேவையாகும். 2007இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இதில் இன்று 2 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் உள்ளன. இவ்வளவு பெரிய களஞ்சியத்தை மதிப்பிட வேண்டுமானால், ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு அதைத் தொடக்கம் முதல் இறுதிவரை இதன் துணையோடு பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்காக நான் எடுத்துக்கொண்டது, கென்டக்கி மாநிலத்தில் 1899 நவம்பர் 7 அன்று நடைபெற்ற ஆளுநர் தேர்தல்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தேர்தலை, அதன் முடிவு இன்னதென்று அறியாமல் அன்றன்று பத்திரிகையை எதிர்பார்த்துக் காத்திருந்த மக்களின் நிலையிலிருந்து படிப்பதற்கு, இதைவிடச் சிறந்த இலவச வசதியை நான் கண்டதில்லை. அதே வேளையில், இதிலுள்ள பத்திரிகைகளை ஒன்றுக்கொன்று எதிராக வைத்துப் படிக்காமல், தேடலில் முதலில் வந்து நிற்கும் பக்கத்தை மட்டும் நம்புகிறவருக்கு இந்தச் சேவை நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும்.

அமெரிக்க மாநில ஆளுநர், நம் நாட்டில் உள்ளதுபோல் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். அதிகார அளவில் நம் முதலமைச்சருக்கு ஒப்பானவர். கென்டக்கியில் உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஜனநாயகக் கட்சியே தொடர்ந்து ஆண்டுவந்த நிலையில், 1895இல் வில்லியம் பிராட்லி அம்மாநிலத்தின் முதல் குடியரசுக் கட்சி ஆளுநராக வென்றார். அந்தத் தோல்வியின் வலி ஆறாத காலத்தில்தான், கோவிங்டன் நகரத்து வழக்கறிஞரும் ஜனநாயகக் கட்சியின் மாநில மேலவை உறுப்பினருமான வில்லியம் கோபெல், 1898இல் ஒரு தேர்தல் சட்டத்தைக் கொண்டுவந்தார். மூன்று ஆணையர்கள் கொண்ட மாநிலத் தேர்தல் வாரியத்தைச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும். அந்த மூவர் மாவட்டந்தோறும் தேர்தல் ஆணையர்களை நியமிப்பார்கள் என்பது அதன் சாரம். சட்டமன்றமோ ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. ஆளுநர் பிராட்லி இச்சட்டத்தை மறுத்துத் திருப்பி அனுப்பியபோதும், சட்டமன்றம் அந்த மறுப்பைப் புறந்தள்ளி அதை நிறைவேற்றியது. தேர்தலில் வாக்கு எண்ணிக்கையை மேற்பார்வையிடப்போகும் அமைப்பை உருவாக்கியவரே அடுத்த ஆண்டு அந்தத் தேர்தலில் வேட்பாளராகவும் நின்றார் என்பதுதான் இந்தக் கதையின் அடிப்படை முடிச்சு.

இந்தச் சட்டத்தைப் பற்றி இன்றைய வரலாற்று நூல்கள் இரண்டு பத்திகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. களஞ்சியத்தில் மாநிலத்தைக் கென்டக்கி என்றும், காலத்தை 1898 ஜனவரி முதல் 1899 நவம்பர் வரை என்றும் வரையறுத்துக்கொண்டு தேடினால், அதே சட்டம் சிற்றூர்ப் பத்திரிகைகளில் மாதக்கணக்கில் எப்படிப் பேசப்பட்டது என்பது விரிவாகக் கிடைக்கிறது. இங்கே ஒரு தேடல் உத்தியைக் குறிப்பிட வேண்டும். கோபெலின் பெயரை மட்டும் தேடினால் குவியும் முடிவுகளில் பெரும்பகுதி வெறும் கூட்ட அறிவிப்புகளாக இருக்கும். அவருடைய எதிரிகள் உண்டாக்கிப் பரப்பிய ‘கோபெலிசம்’ என்ற சொல்லைத் தேடினால் தலையங்கங்களும் வாசகர் கடிதங்களும் நேரே கைக்கு வருகின்றன. அவரை ‘பாஸ் பில்’ என்றும் ‘கென்டன் மாவட்டத்து மன்னர்’ என்றும் அவர்கள் அழைத்தார்கள். இத்தகைய பட்டப்பெயர்களைக் கொண்டு தேடுவது, கட்சிச் சார்புள்ள எழுத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்க மிகவும் பயன்படுகிறது.

இந்தச் சேவை வழங்கும் பக்கங்கள் பெரும்பாலும் மைக்ரோஃபிலிம் சுருள்களிலிருந்து ஸ்கேன் செய்யப்பட்டவை. எனவே தாளின் ஓரங்களில் கருமை படர்ந்திருப்பதும், நூலாகக் கட்டப்பட்ட தொகுதியின் நடுமடிப்பில் வரிகள் வளைந்து மறைவதும் இயல்பு. ஆயினும் படத்தின் நுணுக்கம் போதுமானது. அகலத்திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது மிகச் சிறிய எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. 1899ஆம் ஆண்டின் ஒரு பக்கத்தைத் திறந்தால், குறுகிய பத்திகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றுக்கிடையே குழந்தைகளுக்கான ‘காஸ்டோரியா’ மருந்தின் விளம்பரமும், இரத்தச் சுத்திக்கான ‘ஹூட்ஸ் சார்சபரில்லா’ விளம்பரமும், ரயில் நேர அட்டவணையும், இன்னார் வீட்டுக்கு இன்னார் விருந்தாளியாக வந்திருக்கிறார் என்ற ஊர்ச் செய்தியும் இருக்கின்றன. தேர்தல் செய்தியைத் தனியே வெட்டியெடுத்துத் தருகிற தொகுப்புகளில் இந்தச் சூழல் தொலைந்துபோகிறது. இங்கே அது அப்படியே இருக்கிறது. ஓர் உழவர் தன் தானியத்தை ஏற்றி அனுப்பும் ரயிலின் அட்டவணையையும், அந்த ரயில் நிறுவனத்தைச் சாடும் அரசியல் கட்டுரையையும் ஒரே தாளில் படித்தார் என்பது அந்தத் தேர்தலைப் புரிந்துகொள்ள மிக இன்றியமையாத உண்மை.

ஏனெனில் இந்தத் தேர்தலின் மறைமுக வேட்பாளர் என்று சொல்லத்தக்க அளவுக்கு ‘லூயிவில் அண்டு நாஷ்வில்’ ரயில் நிறுவனம் அதில் ஈடுபட்டிருந்தது. சரக்குக் கட்டணங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநில ரயில்வே ஆணையத்துக்கு அளிக்க வேண்டும் என்று கோபெல் போராடினார். நிறுவனத்தின் தலைவர் மில்ட்டன் ஸ்மித் அவரைத் தோற்கடிப்பதற்குத் தம் செல்வாக்கு முழுவதையும் செலவிட்டார். கோபெல் ஜெர்மானியக் குடியேறிகளின் மகன், பென்சில்வேனியாவில் பிறந்தவர், கூட்டத்தைக் கவரும் பேச்சாளர் அல்லர், 1895இல் ஜான் சான்ஃபோர்டு என்ற வங்கியாளரோடு தெருவில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவரைச் சுட்டுக் கொன்றவர் என்ற பழியும் அவர்மீது இருந்தது. இத்தனை இருந்தும் எளிய மக்களில் பலர் அவரைத் தங்களுக்காக நிற்பவர் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கும் வெறுப்புக்கும் இடையிலான இழுபறியை, சிறு நகரப் பத்திரிகைகளைவிட நன்றாகக் காட்டும் ஆவணம் வேறில்லை என்றே சொல்வேன்.

1899 ஜூன் மாதம் லூயிவில் நகரின் மியூசிக் ஹாலில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டைத் தேடிப் படிப்பவருக்கு இந்தச் சேவையின் முழுச் சுவையும் கிடைக்கும். வாட் ஹார்டின், வில்லியம் ஸ்டோன், கோபெல் என்று மூவர் போட்டியிட்டார்கள். ஹார்டின் முன்னிலையில் இருந்ததால் மற்ற இருவரும் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டார்கள். அந்த உடன்பாடு பின்னர் முறிந்தது. கூச்சலும் குழப்பமும் நிறைந்த பல சுற்று வாக்கெடுப்புகளுக்குப் பிறகு கோபெல் வேட்பாளரானார். இதை ஏற்காத ஜனநாயகக் கட்சியினர் ஆகஸ்டில் லெக்சிங்டனில் கூடி, முன்னாள் ஆளுநர் ஜான் யங் பிரவுனைத் தனி வேட்பாளராக நிறுத்தினார்கள். குடியரசுக் கட்சி, மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்த வில்லியம் டெய்லரை நிறுத்தியது. மாநாட்டுச் செய்தி நாள்தோறும் தந்தி வழியாக வந்தபடியே அச்சாகியிருப்பதால், முதல் நாள் உறுதியாகச் சொல்லப்பட்டது மறுநாள் மாறுவதையும், மூன்றாம் நாள் அதைப் பற்றி மூச்சே விடாமல் பத்திரிகை அடுத்த செய்திக்குத் தாவுவதையும் காணலாம். தேர்தலுக்கு முந்தைய மாதத்தில் 1896 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே வந்து கோபெலுக்காகக் கென்டக்கியில் பிரசாரம் செய்தார். அந்தப் பயணத்தை ஊர் ஊராகத் தொடர்வதற்கும் இது நல்ல வாய்ப்பு.

இனி, இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம் என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். ஒரே ஊரிலிருந்து வெளிவந்த எதிரெதிர்க் கட்சிப் பத்திரிகைகள் இரண்டுமே இதில் சேர்க்கப்பட்டிருப்பதுதான் அது. ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள மேஸ்வில் நகரிலிருந்து ஜனநாயகக் கட்சி சார்பான ‘ஈவினிங் புல்லட்டின்’ நாளிதழும், குடியரசுக் கட்சி சார்பான ‘பப்ளிக் லெட்ஜர்’ நாளிதழும் வெளிவந்தன. ஹார்ட்ஃபோர்டு என்ற சிற்றூரிலும் அவ்வாறே ‘ஹெரால்டு’ ஒரு கட்சியின் பக்கமும், பெயரிலேயே கட்சியைத் தாங்கிய ‘ரிப்பப்ளிக்கன்’ மறுபக்கமும் நின்றன. உலாவியில் இரு சாளரங்களைத் திறந்து, ஒரே நாளின் அல்லது ஒரே வாரத்தின் இரு பத்திரிகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, ஒரே வாக்கு எண்ணிக்கை ஒரு தாளில் மக்கள் தீர்ப்பாகவும் மற்றொன்றில் மோசடியாகவும் நிற்பதைக் காணலாம். ஒவ்வொரு பத்திரிகையின் அறிமுகப் பக்கத்திலும் அதன் வரலாறு, உரிமையாளர்கள், அரசியல் சார்பு ஆகியவற்றை விளக்கும் சிறு கட்டுரை தரப்பட்டுள்ளது. பெரும்பாலான வாசகர்கள் இதைத் தொடாமலே கடந்துவிடுகிறார்கள். உண்மையில் எந்தப் பக்கத்தையும் திறப்பதற்கு முன் முதலில் படிக்க வேண்டியது அதுதான். அக்கால அமெரிக்கப் பத்திரிகை நடுநிலையை ஒரு கடமையாகக் கருதியதில்லை. அதன் சார்பு தெரிந்துவிட்டால் அதன் மிகைப்படுத்தலும்கூட நமக்குச் சான்றாகிவிடுகிறது.

வாக்கு எண்ணிக்கைக்கு வருவோம். அதிகாரபூர்வ முடிவின்படி டெய்லர் 1,93,714 வாக்குகளும், கோபெல் 1,91,331 வாக்குகளும் பெற்றார்கள். பிரவுனுக்கு 12,040 வாக்குகளும், மக்கள் கட்சியின் ஜான் பிளேருக்கு 2,936 வாக்குகளும் கிடைத்தன. வேறுபாடு 2,383 மட்டுமே. இந்த எண்களை எந்தக் கலைக்களஞ்சியத்திலும் பார்க்கலாம். ஆனால் நவம்பர் 7ஆம் தேதிக்கும் வாரியம் தீர்ப்பளித்த டிசம்பர் 9ஆம் தேதிக்கும் இடைப்பட்ட ஒரு மாத காலத்தில், எந்த மாவட்டத்தின் எண்ணிக்கை எப்போது வந்தது, யார் எந்த வாக்குச்சீட்டுகளைச் செல்லாதவை என்று வாதிட்டார்கள் என்பதைப் படிப்படியாக அறிய இந்தப் பத்திரிகைப் பக்கங்களே வழி.

இரண்டு சிக்கல்களை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். நெல்சன் மாவட்டத்தில் ஏறத்தாழ 1,200 சீட்டுகளில் குடியரசுக் கட்சி வேட்பாளரின் பெயருக்கு முன்னுள்ள எழுத்துகளில் ஒன்று தவறாக அச்சிடப்பட்டிருந்தது. அதையே காரணமாகக் காட்டி அவ்வாக்குகள் அனைத்தையும் தள்ள வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியினர் வாதிட்டார்கள். நாக்ஸ், ஜான்சன் ஆகிய மாவட்டங்களிலோ சீட்டு மிக மெல்லிய தாளில் அச்சாகியிருந்ததால், வாக்காளர் யாருக்குக் குறியிட்டார் என்பது மறுபுறம் தெரிந்தது என்று முறையீடு எழுந்தது. தாளின் தடிமன் ஒரு தேர்தல் வழக்காக மாறியது ஏன் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1891இல் புதிய அரசியலமைப்புச் சட்டம் வரும்வரை கென்டக்கியில் மாநிலத் தேர்தல்களில் வாக்காளர் தம் வேட்பாளரின் பெயரை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லியே வாக்களித்தார். அந்த வழக்கத்தைக் கடைசியாகக் கைவிட்ட மாநிலம் அதுவே. இரகசிய வாக்குரிமை கிடைத்துப் பத்தாண்டுகூட ஆகாத மக்களுக்கு, ஒளி ஊடுருவும் சீட்டு என்பது பழைய நிலை திரும்புவதற்கான அறிகுறியாகவே தோன்றியிருக்கும்.

தேர்தல் வாரியத்தின் மூவரும் கோபெலின் கட்சியைச் சேர்ந்தவர்களாக இருந்தும், பிரையரும் எல்லிஸும் டெய்லர் பக்கமும், பாய்ன்ட்ஸ் ஒருவர் மட்டும் கோபெல் பக்கமும் நின்றதால் 2க்கு 1 என்ற கணக்கில் டெய்லரே வென்றதாக அறிவிக்கப்பட்டது. தங்கள் கட்சியே தேர்ந்தெடுத்த வாரியம் தங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததை ஜனநாயகக் கட்சிப் பத்திரிகைகள் எவ்வாறு தம் வாசகர்களுக்கு விளக்கின என்பதையும், அதுவரை அந்த வாரியத்தையே கொள்ளைக் கருவியாகச் சித்தரித்துவந்த குடியரசுக் கட்சிப் பத்திரிகைகள் ஒரே நாளில் அதன் நேர்மையை எவ்வாறு எடுத்துரைத்தன என்பதையும் ஒப்பிட்டுப் படிக்கப் பரிந்துரைக்கிறேன். டிசம்பர் 10 முதல் 16 வரை என்று தேதியை வரையறுத்துக்கொண்டு, முதற்பக்கங்களை மட்டும் காட்டும் வசதியைப் பயன்படுத்தினால் இது ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை.

டெய்லர் டிசம்பர் 12 அன்று பதவியேற்றார். ஆனால் ஆளுநர் தேர்தல் பற்றிய வழக்கை இறுதியாகத் தீர்க்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கே உரியது என்பதால், கோபெல் தரப்பு அங்கே முறையிட்டது. வழக்கை விசாரிக்கும் 11 பேர் குழு சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதில் குடியரசுக் கட்சியினர் ஒருவர் மட்டுமே இடம்பெற்றார். குலுக்கல் நேர்மையாக நடந்திருக்க முடியாது என்ற ஐயம் அன்றே எழுந்தது. ஜனவரியில் கிழக்கு மலைப்பகுதியிலிருந்து டெய்லரை ஆதரித்த, ஆயுதம் தாங்கிய ஆண்கள் ரயில்களில் வந்து தலைநகர் ஃபிராங்ஃபோர்ட்டில் இறங்கினார்கள். 1900 ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஜாக் சின், எஃப் லில்லார்டு என்ற இருவரோடு மாநில மன்றக் கட்டடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த கோபெல், பக்கத்து அரசு அலுவலகக் கட்டடத்திலிருந்து சுடப்பட்டு மார்பில் காயமடைந்து வீழ்ந்தார்.

காலத்தின் உணர்வை இந்தச் சேவை எவ்வளவு துல்லியமாகத் தருகிறது என்பதற்கு இந்த ஒரு வாரத்தையே சான்றாகக் கொள்ளலாம். பாரிஸ் என்ற கென்டக்கி நகரிலிருந்து செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களில் மட்டும் வெளிவந்த ‘போர்பன் நியூஸ்’ பத்திரிகையை மட்டுமே நம்பியிருந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். துப்பாக்கிச் சூட்டை ஒட்டிய அடுத்த இதழ் பிப்ரவரி 2 வெள்ளியன்று வருகிறது. அன்று கோபெல் உயிரோடு இருக்கிறார். அதற்குள் சட்டமன்றத்தின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் அவரையே வென்றவராக அறிவித்து, ஜனவரி 31 அன்று படுக்கையிலேயே அவருக்குப் பதவிப் பிரமாணமும் செய்துவைத்துவிட்டார்கள். பிப்ரவரி 3 சனிக்கிழமை மாலை அவர் இறந்துபோகிறார். அந்த வாசகருக்கு இது அவருடைய பத்திரிகையின் வழியே தெரியவர வேண்டுமானால் செவ்வாய்வரை காத்திருக்க வேண்டும். இடையில் ஊரில் உலவிய வதந்திகளுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பதை, இதழ் தேதிகளை வரிசையாகப் புரட்டும்போது நம்மால் உணர முடிகிறது. அதே நாள்களில் நியூயார்க், வாஷிங்டன், இண்டியானாபொலிஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களின் நாளிதழ்கள் தந்திச் செய்தியை உடனுக்குடன் அச்சிட்டன. அவையும் இதே களஞ்சியத்தில் இருப்பதால், நிகழ்விடத்துக்கு அருகில் இருந்த சிற்றூரைவிடத் தொலைவில் இருந்த பெருநகரமே செய்தியை முன்னதாக அறிந்த நிலையும் தெரியவருகிறது.

கோபெலின் இறுதிச் சொற்கள் என்று பரப்பப்பட்டவையும் தேடிப் பார்க்கத்தக்கவை. அஞ்சாமல், துணிவோடு, எளிய பொதுமக்களுக்கு விசுவாசமாக இருக்குமாறு தம் நண்பர்களிடம் சொல்லச் சொன்னார் என்பது அந்தச் செய்தி. அவ்வாறு அவர் சொல்லவில்லை என்றும், கடைசியாக உண்ட சிப்பி நன்றாக இல்லை என்று மருத்துவரிடம் கூறியதே அவருடைய இறுதிப் பேச்சு என்றும் இர்வின் காப் என்ற பத்திரிகையாளர் வழியாக மற்றொரு கதையும் வழங்குகிறது. ஒரு சொற்றொடரை முழுமையாக இட்டுத் தேடி, முடிவுகளைத் தேதி வரிசையில் அடுக்கினால், ஒரு கூற்று எந்தப் பத்திரிகையில் தொடங்கி எவ்வாறு பரவியது என்பதைப் பின்தொடரலாம். அரசியல் தலைவர்களின் வாய்மொழிகளை ஐயத்தோடு நோக்கும் பழக்கத்தை மாணவர்களுக்குக் கற்பிக்க இதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியாது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாக இராது. முதற்குறை எழுத்துணரி மென்பொருளால் வருவது. பக்கப் படத்திலிருந்து எழுத்துகளைக் கணினி தானாகப் படித்து உருவாக்கிய உரையின் மீதுதான் தேடல் நடைபெறுகிறது. அந்த உரையை மனிதர் எவரும் திருத்தியதில்லை. மை பரவிய இடங்களிலும், குறுகிய பத்தியின் ஓரத்தில் சொல் இரண்டாக முறியும் இடங்களிலும் கணினி தடுமாறுகிறது. கோபெல் என்ற ஜெர்மானியப் பெயர் இதற்கு எளிதில் இரையாகிறது. முதலெழுத்து வேறொன்றாகப் படிக்கப்பட்டால் அந்தப் பக்கம் தேடலில் வரவே வராது. டெய்லர் என்ற பெயருக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. நாட்டில் பலருக்கும் உள்ள பெயர் என்பதால் தொடர்பற்ற பக்கங்கள் குவிகின்றன. எனவே பெயரை மட்டும் தேடாமல், ஃபிராங்ஃபோர்ட், தேர்தல் வாரியம், சட்டமன்றம் போன்ற சொற்களை அருகருகே வருமாறு இட்டுத் தேடுவதும், முக்கியமான நாள்களுக்குத் தேடலையே கைவிட்டு இதழை முழுவதுமாகப் புரட்டுவதும் நல்லது. தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் செய்தியே வரவில்லை என்று முடிவுகட்டி எழுதப்பட்ட கட்டுரைகள் உண்டு. அது இந்தச் சேவையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. இந்தத் தேர்தலைப் பொறுத்தவரை மாநிலத்திலேயே செல்வாக்கு மிகுந்த நாளிதழ், ஹென்றி வாட்டர்சன் ஆசிரியராக இருந்த லூயிவில் நகரத்து ‘கூரியர் ஜர்னல்’. தொடக்கத்தில் கோபெலின் தேர்தல் சட்டத்தை எதிர்த்து, பின்னர் வேட்பாளர் கோபெலை ஆதரித்த அந்த நாளிதழின் மனமாற்றத்தைப் படிக்காமல் இந்தத் தேர்தலை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது. அது இந்தக் களஞ்சியத்தில் இல்லை. கட்டணச் சேவைகளையே நாட வேண்டும். சிற்றூர்ப் பத்திரிகைகள் அதன் தலையங்கங்களை எடுத்து மறுவெளியீடு செய்தும், மறுத்துரைத்தும் எழுதியதால் ஓரளவு எதிரொலி கேட்கிறது. ஆனால் எதிரொலி மூலத்துக்கு ஈடாகாது. மாநிலங்கள் தத்தம் பத்திரிகைகளைத் தேர்ந்தெடுத்து, மானியம் பெற்றுக் கட்டங்கட்டமாக இணைக்கும் முறை இருப்பதால், எந்த ஊர் இடம்பெறும் எந்த ஊர் விடுபடும் என்பது அந்தத் தேர்வைப் பொறுத்தது. தொடக்கக் கட்டத்திலேயே இத்திட்டத்தில் சேர்ந்த ஆறு மாநிலங்களில் கென்டக்கியும் ஒன்று என்பதால், அதன் சிற்றூர்ப் பத்திரிகைகள் இவ்வளவு செழுமையாகக் கிடைப்பதே நம் நல்வாய்ப்பு.

கறுப்பின வாக்காளர்களின் நோக்கு வேண்டுவோர், மாநில வரையறையை நீக்கிவிட்டு, வர்ஜீனியாவின் ‘ரிச்மண்ட் பிளானெட்’, வாஷிங்டனின் ‘கலர்டு அமெரிக்கன்’ போன்ற அவர்களுடைய சொந்தப் பத்திரிகைகளையும் சேர்த்துத் தேட வேண்டும். கென்டக்கியின் கட்சிப் பத்திரிகைகளில் அம்மக்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே தோன்றுகிறார்கள். அதை மட்டும் படித்து நிறுத்திக்கொள்வது அநீதி.

பல ஆண்டுகள் தனித்தளமாக இயங்கிய இந்தச் சேவை இப்போது நூலகத்தின் பொதுத்தளத்துக்குள் இணைக்கப்பட்டுள்ளது. பக்கப் படத்தையும் கணினி படித்த உரையையும் அருகருகே பார்க்கும் வசதி நன்றாக உள்ளது. ஒரு பக்கத்தைப் பிடிஎஃப் கோப்பாகவோ உயர்தரப் படமாகவோ பதிவிறக்கலாம். உறுப்பினராகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. தேடல் முடிவுகள் இயல்பாகப் பொருத்தத்தின் அடிப்படையில் வருவதால், தேர்தல் போன்ற நாள்வரிசை முக்கியமான பொருளுக்கு ஒவ்வொரு முறையும் தேதி வரிசைக்கு மாற்றிக்கொள்வது அவசியம். கைபேசியில் படிக்க முடியுமெனினும், அகலமான தாளின் எந்த மூலையில் இருக்கிறோம் என்பது சிறிய திரையில் விரைவில் மறந்துபோகிறது. கணினியில் படிப்பதே உகந்தது.

தேர்தலின் பின்விளைவுகளைத் தொடர விரும்புவோருக்கும் இங்கே நிறைய இருக்கிறது. கோபெலுக்குப் பின் அவருடைய துணை ஆளுநர், 30 வயதான பெக்கம், ஆளுநராகப் பதவியேற்றார். டெய்லரும் பதவியை விடவில்லை. சில காலம் மாநிலத்தில் இரண்டு அரசாங்கங்கள் இருந்தன. கென்டக்கியின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெக்கம் பக்கம் தீர்ப்பளித்தது. 1900 மே 21 அன்று ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தபோது, கென்டக்கியைச் சேர்ந்த நீதிபதி ஹார்லன் எதிர்த்து எழுதினார். டெய்லர் இண்டியானாவுக்குத் தப்பிச் சென்றார். அங்குள்ள ஆளுநர் அவரை ஒப்படைக்க மறுத்தார். கொலை வழக்கில் டெய்லர் உட்பட 16 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டு, மாநிலச் செயலர் கேலப் பவர்ஸ், ஹென்றி யூட்சி, ஜிம் ஹோவர்டு ஆகிய மூவர் தண்டனை பெற்றார்கள். பவர்ஸ் நான்கு முறை விசாரிக்கப்பட்டு, 1908இல் குடியரசுக் கட்சி ஆளுநர் வில்சனால் மன்னிக்கப்பட்டு, 1910இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். கோபெலைச் சுட்டவர் யார் என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை. அமெரிக்க வரலாற்றில் பதவியில் இருக்கும்போது கொலையுண்டு இறந்த மாநில ஆளுநர் இவர் ஒருவரே. விசாரணைகள் நடந்த ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியே தேடினால், அதே சாட்சியம் கட்சிக்கேற்ப எவ்வாறு நிறம் மாறியது என்பதைத் தொடர்ந்து பார்க்க முடியும்.

தேர்தல் முறைகள், பத்திரிகைத் துறை, சட்டம் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், அமெரிக்க வரலாற்றில் ஆர்வமுள்ள எவருக்கும் இந்தச் சேவையை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். கென்டக்கி மாநிலம், 1899 ஜூன் 1 முதல் 1900 ஜூன் 30 வரை என்ற எல்லையோடு, மேஸ்வில் நகரத்து இரு நாளிதழ்களிலிருந்து தொடங்குவது எளிது. எதையேனும் மேற்கோள் காட்டும்போது கணினி படித்த உரையிலிருந்து நகலெடுக்காமல், பக்கப் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு சொல்லையும் எண்ணையும் நேரில் சரிபார்த்து, பத்திரிகையின் பெயர், ஊர், இதழ் தேதி, பக்க எண், அதன் கட்சிச் சார்பு ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.